மிச்ச மருந்து

மார்ச் 24, திங்கள்

டாக்டரம்மா எழுதச் சொன்னார், எழுதுகிறேன். மருந்து கொடுத்த நேரம், காய்ச்சல், மூச்சு, வாந்தி, பேதி எல்லாம் ஒரு நோட்டில் இருக்க வேண்டுமாம். வேறு யாராவது சொல்லியிருந்தால் போய் வேலையைப் பார் என்றிருப்பேன். பத்திர எழுத்தர் ஆபீஸில் பத்து வருடமாக டைப் அடிக்கிறேன். கிழக்கே இன்னார் வீடு, மேற்கே இன்னார் காலிமனை என்று நாள் முழுக்க எழுதுகிறவளுக்கு வீட்டிலும் எழுத்து வேலை.

நித்திலாவுக்கு நான்கு வயது. நாலு நாளாகக் காய்ச்சலும் இருமலும். டாக்டரம்மா நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, இடது பக்கம் சத்தம் சரியில்லை, நிமோனியா ஆரம்பம், பயப்பட வேண்டாம், பிள்ளை நன்றாகத் தண்ணீர் குடிக்கிறாள், வீட்டிலேயே வைத்து மருந்து கொடுக்கலாம் என்றார். என் கணவர் அந்த வார்த்தையை இன்றுதான் முதல்முறையாகக் கேட்கிறார். எனக்கு முதல்முறை இல்லை.

"இதுக்கு முன்னாடி பாப்பாவுக்கு இந்த மருந்து குடுத்திருக்கீங்களா? ஏதாவது ஒத்துக்காமப் போச்சா?"

"இல்ல டாக்டர்."

"வீட்ல வேற பிள்ளைங்க?"

"இல்ல டாக்டர்."

இரண்டுமே உண்மை.

எடை போட்டார்கள், பதினான்கு கிலோ. எடைக்குத்தான் அளவாம், வயதுக்கு இல்லையாம். ஏழு மில்லி, காலை எட்டு, இரவு எட்டு, ஏழு நாள். "காய்ச்சல் விட்டாலும் நிறுத்தக் கூடாது. நல்லா ஆயிட்டாளேன்னு நீங்களா முடிவு பண்ணக் கூடாது, சரியா?" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். எல்லா அம்மாக்களிடமும் அப்படித்தான் சொல்வார் போலிருக்கிறது.

வண்டியில் வரும்போது இவர், "பெரியவன் பேரச் சொல்லியிருக்கலாம்ல," என்றார். பின்னால் லாரி வந்தது, ஓரமாகப் போங்கள் என்றேன்.

பெரியவன் கவின். ஆறு வருடத்துக்கு முன்னால், அவனுக்கும் இதே நான்கு வயதில், அம்மை போட்டுப் போய்விட்டான். தெருவில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

இரவு 8.00. ஏழு மில்லி. பாதியைத் துப்பப் பார்த்தாள், விடவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

காலை 8.10. இரவு 8.00.

மருந்து பாட்டிலில் பொடியாக வருகிறது. கொதிக்க வைத்து ஆறின தண்ணீரைப் பாட்டிலில் இருக்கிற கோடு வரை ஊற்றிக் குலுக்க வேண்டும். குலுக்கினால் நுரை வரும், நுரை அடங்கினதும் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும், மறுபடியும் கோடு வரை ஊற்ற வேண்டும். இதில் ஏமாந்தால் ஒவ்வொரு வேளையும் அளவு தப்பும். நேற்று மருந்துக் கடைப் பையன் இதையெல்லாம் சொல்லவில்லை. பையில் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தான். நல்லவேளை, டாக்டரம்மா செய்து காட்டியிருந்தார்.

பக்கத்து வீட்டு ராஜாமணி அக்கா தன் பேரனின் வெள்ளிப் பாலாடையைக் கொண்டுவந்து கொடுத்தார். "இதுல ஒரு பாலாடை ஊத்து, அளவு சரியா இருக்கும்." ஊசியில்லாத சிரிஞ்சால் தண்ணீரை எடுத்து அளந்து பார்த்தேன், அந்தப் பாலாடை பதினான்கு மில்லி பிடித்தது. அக்காவிடம் சொன்னால் கோபித்துக்கொள்வார். பாலாடையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

பாலில் கலந்து கொடுக்கலாமே என்றார் இவர். பாலைப் பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டால் மருந்தும் பாதிதான் போகும் என்றேன். "ஒனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று கேட்டார். டாக்டரம்மா சொன்னார் என்றேன். டாக்டர் சொன்னதுதான், ஆனால் இந்த டாக்டரம்மா இல்லை.

தூங்கும்போது ஒரு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். நாற்பதுக்கு மேல் போனாலோ விலா உள்ளே இழுத்தாலோ உடனே கூட்டிப்போக வேண்டும். நேற்று டாக்டரம்மா எண்ணியபோது நாற்பத்து நான்கு இருந்தது, இன்று முப்பத்தெட்டு. எண்ணி முடித்துக் கடிகாரத்தைப் பார்த்த பிறகும் எனக்கு எண்ணிக்கை நிற்கவில்லை. ஐம்பது, அறுபது என்று போனது. அது இவளுடைய மூச்சு இல்லை. எழுந்து போய் மாவு ஆட்டினேன்.

மார்ச் 26, புதன்

காலை 8.00. கொடுத்தேன். இரவு 8.00. கொடுத்தேன்.

காய்ச்சல் விட்டுவிட்டது. இட்லி கேட்டாள். இரண்டு தடவை தண்ணீராகப் போனாள். மருந்தால் அப்படிப் போகலாம், தண்ணீர் நிறையக் கொடுங்கள், மருந்தை நிறுத்த வேண்டாம் என்று போனில் டாக்டரம்மா சொன்னார்.

ஆபீஸிலிருந்து முதலாளி கூப்பிட்டார். "சொர்ணலதா, நாளைக்கு முகூர்த்த நாளும்மா. பதினோரு பத்திரம் நிக்குது. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுருச்சுல்ல?" வர முடியாது என்றேன். வேலையை விட்டு எடுத்தாலும் வர முடியாது என்றேன். அவர் பாவம், அப்படி எதுவும் சொல்லவில்லை, நான்தான் கத்தினேன். புதன்கிழமை, காய்ச்சல் விட்ட பிள்ளை, ஆபீஸ் போன் மூன்றும் ஒன்றாக வந்தால் எனக்கு ஆகாது.

இவர் அம்மன் கோயிலுக்குக் காப்புக் கட்டியிருக்கிறார். பங்குனிப் பொங்கலுக்கு வருகிற திங்கட்கிழமை தீச்சட்டி எடுக்கிறார், இது ஆறாவது வருடம். பருப்பு மில்லில் சூப்பர்வைசர். மஞ்சள் வேட்டியில் போய் நின்றால் லோடுமேன்கள்கூட இவரைச் சாமி என்று கூப்பிடுகிறார்கள். கறி மீன் விட்டு ஆறு வருடம் ஆகிறது.

இரவு மருந்து குடித்தபின் நித்திலா காலிச் சிரிஞ்சை வாங்கிக்கொண்டுபோய், ஸ்டூலில் ஏறி, கவினின் படத்தின் வாயில் வைத்து அழுத்தினாள்.

"அண்ணனுக்கும் ஏழு மில்லி."

"எறங்குடி."

"அண்ணன் குடிக்க மாட்டேங்குறான்மா."

சிரிஞ்சைப் பிடுங்கின வேகத்தில் அவளுக்கு விரலில் கீறிவிட்டது. அழுதாள். இவர் வந்து தூக்கிக்கொண்டு, "அவ சின்னப் பிள்ளை சொர்ணம், அவளுக்கு என்ன தெரியும்?" என்றார்.

மார்ச் 27, வியாழன்

காலை 8.05. இரவு 8.00. காய்ச்சல் இல்லை. மூச்சு இருபத்தெட்டு. மூன்றாம் நாள் தாண்டிவிட்டது.

மார்ச் 28, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஆறரைக்குச் சட்டையைக் கழற்றினால் வயிற்றிலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. வாசல் பெருக்கிக்கொண்டிருந்த ராஜாமணி அக்கா எட்டிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஏ சொர்ணம், முத்துல்ல போட்டிருக்கு! பங்குனியில தாயி வீடு தேடி வந்திருக்கா. மருந்து மாத்திரையெல்லாம் எடுத்துத் தூர வையி. தாளிக்காத. வேப்பங்கொழை நான் கொண்டாறேன்."

இவர் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு முகமே மாறிவிட்டது. "இந்த வாட்டி நான் என்ன தப்பு செஞ்சேன்? எல்லாம் சுத்தமாத்தான இருந்தேன். எங்கயும் துட்டிக்குப் போகலையே. சொல்லு சொர்ணம், என்ன செஞ்சேன்?" என்று என்னைக் கேட்டார்.

கவினுக்கு உடம்பு முடியாமல் இருந்தபோது இவர் மில் முதலாளி வீட்டுச் சாவுக்குத் துட்டி கேட்கப் போய்விட்டு, குளிக்காமல் வந்து அவனைத் தூக்கிவிட்டார். அம்மை இருக்கிற வீட்டில் தீட்டோடு நுழைந்ததால்தான் தாய்க்குக் கோபம் என்று தெருவில் பேசினார்கள். அதற்குத்தான் ஆறு வருடமாகத் தீச்சட்டி.

நான் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "உதடு, முகம் வீங்கியிருக்கா? மூச்சு இழுக்குதா? அப்படி இருந்தா எங்கிட்ட வராதீங்க, நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போயிருங்க," என்றார். வீக்கம் இல்லை, விளையாடிக்கொண்டுதான் இருக்கிறாள் என்றேன். "காலை மருந்து குடுக்காதீங்க. இப்பவே கூட்டிட்டு வாங்க."

கண், வாய், தோல் எல்லாம் பார்த்தார். அம்மை இல்லை என்றார். நீர்க்கொப்புளமும் இல்லை, தட்டம்மை மாதிரியும் இல்லை. இந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், இப்போதே உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனாலும் இதை நிறுத்திவிட்டு வேறு வகை மருந்து தருகிறேன் என்றார். மருந்தின் பெயரைப் பிள்ளையின் அட்டையில் சிவப்பு மையில் எழுதினார். எந்த டாக்டரிடம் போனாலும் அதைக் காட்ட வேண்டுமாம்.

"நெஞ்சுல இன்னும் சத்தம் இருக்கு. அதனால நடுவுல விடாதீங்க. இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குப் புது மருந்த ஆரம்பிங்க. அஞ்சு மில்லி. தெனம் ஒரு வேளைதான், அஞ்சு நாள்."

இவர் மெதுவாக, "பெரியவனுக்கும் இப்படித்தான் டாக்டர். அம்மா எறங்கித்தான்..." என்று ஆரம்பித்தார்.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வேற பிள்ளை இல்லன்னு சொன்னீங்க?"

"இப்ப இல்ல டாக்டர்."

"அவனுக்கு என்ன மருந்து போயிட்டிருந்துச்சு? எத்தன நாள் குடுத்தீங்க?"

இவரும் என்னைப் பார்த்தார். "இவதான் கூட்டிட்டுப் போனா. நான் மில்லுல இருந்தேன்."

"ஞாபகம் இல்ல," என்றேன். பத்து வருடத்துக்கு முன் அடித்த பத்திரத்தின் சர்வே எண்ணைக் கேட்டால் இன்றும் சொல்வேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. ஆறு மணிக்கு நான் பாட்டிலை எடுக்கப் போனபோது பிரிட்ஜுக்கு முன்னால் வந்து நின்றார்.

"வேண்டாம் சொர்ணம்."

"தள்ளுங்க. ஆறாச்சு."

"டாக்டர் சொன்னது சரியாவே இருக்கட்டும். ரெண்டு நாள் பாப்போம். காய்ச்சல்தான் விட்டுருச்சே. தடிப்பு எறங்கட்டும், அப்பறம் குடுப்போம். பெரியவன் விஷயத்துல ஒரு தப்பு செஞ்சிட்டேன். இவ விஷயத்துல செய்ய மாட்டேன்."

"ரெண்டு நாள் தாங்காதுங்க."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இதைக் குறைத்தோ கூட்டியோ எழுதக் கூடாது.

"பெரியவனுக்கு வந்தது முத்து இல்ல. நிமோனியா. அன்னைக்கே டாக்டர் சொன்னாரு, ஏழு நாள் மருந்து குடுத்தாரு. மூணாம் நாள் காய்ச்சல் விட்டுருச்சு. பேதியாப் போனான், மருந்தக் கண்டாலே அழுதான். எனக்கு ஆபீஸ் போகணும். புதன்கிழமை காலையோட நிறுத்திட்டேன். வெள்ளிக்கிழமை காய்ச்சல் திரும்பி வந்துச்சு. கழுத்துல நாலு வேர்க்குரு இருந்துச்சு. ராஜாமணி அக்கா முத்துன்னாங்க. நான் இல்லன்னு சொல்லல."

"வேர்க்குருன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"முத்துன்னா யாரும் மருந்து குடுத்தியான்னு கேக்க மாட்டாங்க."

அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. உள்ளே நித்திலா பொம்மைக்கு ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழம அவன் போனப்ப," என்றார். "தாயி எடுத்துக்கிட்டா, அழுதா அவளுக்கு ஆகாதுன்னு என் வாயப் பொத்துனாங்க. நீ பக்கத்துலதான் இருந்த."

"இருந்தேன்."

"வருசா வருசம் என் கையில கொப்புளத்துக்கு நீதான மருந்து போட்ட?"

நான்தான் போட்டேன். ஒவ்வொரு வருடமும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அடுத்த வருடம் வரும்.

அவர் விலகி நின்றார். நான் பாட்டிலைக் குலுக்கினேன், இரண்டு தடவை தப்பாக எடுத்துத் திரும்ப ஊற்றினேன். ஐந்து மில்லி. மாலை 6.20.

மார்ச் 29, சனி

மாலை 6.00. ஐந்து மில்லி. நான் கொடுத்தேன். தனுஷ்கோடி.

மேலே இருப்பது என் கணவர் கையெழுத்து. ஐந்தரைக்கே பாட்டிலை எடுத்துவைத்துக்கொண்டார். அட்டையில் இருப்பதை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தார். சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடித்து, கோட்டை என்னிடம் கேட்காமல், தானே பார்த்தார். நான் அடுப்படியிலேயே நின்றேன். கொடுத்து முடித்ததும் நோட்டை வாங்கி எழுதினார். முந்தைய பக்கங்களைப் படித்தாரா தெரியாது. படிக்கட்டும் என்றுதான் மேசைமேல் வைத்திருந்தேன்.

தடிப்பு குறைந்திருக்கிறது. வேப்பிலையை இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை. ராஜாமணி அக்கா மருந்து வாடை வருகிறதே என்றார். வருகிறது என்றேன்.

மார்ச் 30, ஞாயிறு

மாலை 6.00. ஐந்து மில்லி. தனுஷ்கோடி.

என்னிடம் இரண்டு வார்த்தை பேசினார். ஒன்று "உப்பு". இன்னொன்று "போதும்".

மார்ச் 31, திங்கள்

தீச்சட்டி எடுக்க மாட்டார் என்று நினைத்தேன். விடியுமுன் குளித்துவிட்டுக் கிளம்பினார். வாசல் வரை போய், "யாருக்குன்னுதான் போறீங்க?" என்று கேட்டேன். எனக்கு அதைக் கேட்க என்ன யோக்கியதை?

"தெரியல," என்றார். "தாயிக்குத் தர்றேன்னு சொன்னேன். அவ ஏமாத்தலையே."

மேளம் எங்கள் தெரு முனையைத் தாண்டிப் போனபோது நித்திலாவைத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து பார்த்தேன். நூறு சட்டிகளுக்கு நடுவில் எது இவருடையது என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளைதான் கை நீட்டினாள்.

மத்தியானம் வந்தார். களிம்பை எடுத்துக்கொண்டு போனேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "வை, நானே போட்டுக்கிறேன்," என்றார். வலது கைக்கு இடது கையால் போட்டுக்கொண்டார். இடது கைக்குப் போட முடியவில்லை, அப்படியே விட்டுவிட்டார்.

மாலை 6.00. ஐந்து மில்லி. தனுஷ்கோடி.

எழுத்து கோணிக்கொண்டு போகிறது. விரலை மடக்க முடியவில்லை. அந்தக் கையால்தான் கொடுத்தார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

காலையில் டாக்டரம்மா பார்த்தார். இடது பக்கம் சுத்தமாக இருக்கிறது, மூச்சு இருபத்து நான்கு, கடைசி வேளையையும் மறக்காமல் கொடுங்கள் என்றார். எழுந்து வரும்போது திரும்பி உட்கார்ந்து, எங்கள் மூத்த பிள்ளைக்கு என்ன நடந்தது என்று நானே சொன்னேன். ஆறு வருடத்துக்கு முன்னால், ஏழு நாள் மருந்து, மூன்றாம் நாள் நிறுத்தினேன் என்று. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர், "உங்க ரெண்டு பேருக்கும் தூக்கம் வருதா?" என்று கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மாலை 6.00. ஐந்து மில்லி. தனுஷ்கோடி.

கொடுத்து முடிந்தும் பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அடுத்த காய்ச்சலுக்கு என்று எடுத்துவைக்கக் கூடாது, வேறு பிள்ளைக்குக் கொடுக்கவும் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு இவர் அடுப்படியில் நின்றார். நான்கு நாளுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"அவன் பாட்டில்ல எவ்வளவு மிச்சம் இருந்துச்சு?"

"பாதிக்கு மேல."

"எத்தன வேளை?"

"ஒம்பது."

"ஒம்பது வேளை," என்று அவரும் சொன்னார். பிறகு, என்னிடம் இல்லாமல், அந்தப் பாட்டிலிடம் சொல்கிற மாதிரி, "தெனமும் ராத்திரி ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்திருவேன். எட்டு மணிக்கு அவன மடியில வச்சுக்கிட்டு டிவிதான பாத்தேன். மருந்து குடுத்தியான்னு ஒரு வேளைகூட நான் கேக்கலையே," என்றார்.

அழுதார். வாயைப் பொத்த அங்கே யாரும் இல்லை. நித்திலா ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

உங்கள் மேல் தப்பில்லைங்க என்றேன். ஆறு வருடம் என் வாயிலிருந்து வராத வார்த்தை. இன்றைக்குச் சொன்னேன், அவர் நம்பவில்லை.